அக்ராவில் சிறு கடைக்கான கொள்முதல்: எந்த ஆடை, எந்த நகை?

கானாவின் தலைநகரான அக்ராவில், ஓசு அல்லது லபோனே போன்ற ஒரு பகுதியில் சிறு கடை ஒன்றைத் திறந்து, சூழலுக்கு அதிகம் கேடு விளைவிக்காத உள்நாட்டு ஆடைகளையும் நகைகளையும் மட்டுமே விற்பது என்று ஒருவர் முடிவு செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் பருவத்துக்கான பணத்தை அவர் எந்தப் பொருளில் போடலாம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. தெரிவுகளுக்குக் குறைவில்லை. கன்டமான்டோ சந்தையில் குவியும் பழைய துணிகளைப் பிரித்து மறுபடி தைப்பவர்கள் இருக்கிறார்கள். மெழுகு பதித்துக் கோலமிடும் பாத்திக் முறையில் கையால் அச்சிட்டுச் சாயமிடுபவர்கள் இருக்கிறார்கள். வடபகுதியின் கைத்தறிப் பட்டைகளை வாங்கி இக்காலத்து உடுப்பாக மாற்றுபவர்களும் இருக்கிறார்கள். நகைப் பக்கத்தில் உடைந்த புட்டிகளிலிருந்து செய்த குரோபோ மணிகள், பழைய குழாய்களையும் பூட்டுகளையும் உருக்கி வார்த்த பித்தளைப் பதக்கங்கள், மறுசுழற்சித் தங்கம் என்ற பெயரில் விற்கப்படும் மோதிரங்கள் ஆகியவை இருக்கின்றன.

மூலப்பொருளின் பெயரை வைத்தோ அது இயற்கையானதா என்பதை வைத்தோ இவற்றைத் தரம் பிரிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும். அதைவிடப் பயனுள்ள கேள்வி ஒன்று உண்டு. இந்த மூலப்பொருளை இந்த வடிவமைப்பாளர் எடுத்திராவிட்டால் அது எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? குப்பைமேட்டுக்கோ கடலுக்கோ போயிருக்கும் என்றால், அவருடைய வேலையால் ஒரு சுமை உண்மையாகவே குறைகிறது. வேறொருவர் காசு கொடுத்து வாங்கிப் போயிருப்பார் என்றால், மறுசுழற்சி என்ற சொல் பொய்யில்லாவிட்டாலும் அதனால் குறைந்த சுமை என்று எதுவும் இல்லை. இதற்கு அடுத்தபடியாக, அந்த வேலையில் யாருடைய உடம்பு தேய்கிறது என்பதையும், கடைக்காரர் கேட்கும்போது அதே பொருளை மறுபடியும் செய்து தர முடியுமா என்பதையும் பார்க்க வேண்டும். கடைசிக் கேள்வி வெறும் வியாபாரக் கேள்விதான் என்று தள்ளிவிட முடியாது, ஏனென்றால் ஓராண்டில் மூடிப்போகும் கடையால் எந்த நெசவாளருக்கும் பயனில்லை.

முதலில் கன்டமான்டோ. அக்ராவின் நடுப்பகுதியில் உள்ள இந்தச் சந்தைக்கு வெளிநாடுகளில் உடுத்திக் கழித்த துணிகள் ஏறத்தாழ 55 கிலோ எடையுள்ள, இறுக்கிக் கட்டிய பொதிகளாக வருகின்றன. வியாபாரிகள் அவற்றைப் பிரித்துப் பார்க்காமலேயே வாங்குகிறார்கள். பொதி நன்றாக அமைந்தால் லாபம், மோசமாக அமைந்தால் வாங்கிய கடன் தலையில் நிற்கும். அந்தப் பொதியைச் சந்தின் உள்ளே தலையில் சுமந்து வருபவர்கள் காயாயேய் என்று அழைக்கப்படும் பெண்கள். பெரும்பாலும் வடபகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த இளவயதினர். பிரித்த துணியில் புத்தம் புதிது போன்றவை ‘ஃபர்ஸ்ட் செலக்‌ஷன்’ ஆகி முதல் நாளே விற்றுப்போகும். நடுத்தரமானவை சந்தைக்குள்ளேயே இருக்கும் தையற்காரர்களிடமும் சாயமிடுபவர்களிடமும் இஸ்திரிக்காரர்களிடமும் போய்ப் புதுப்பிக்கப்பட்டுத் திரும்பும். கறை படிந்தவையும் கிழிந்தவையும் அக்ராவின் வெயிலுக்குப் பொருந்தாதவையும் கடைசியில் ஒதுங்கும்.

அந்தக் கடைசிப் பகுதி எவ்வளவு என்பதில்தான் சர்ச்சை. வாரத்துக்கு ஏறத்தாழ 1.5 கோடி உருப்படிகள் சந்தைக்கு வருவதாகவும், அவற்றில் 40 சதவீதம் கழிவாக வெளியேறுவதாகவும் அக்ராவில் இயங்கும் தி ஆர் ஃபவுண்டேஷன் கணித்தது. பழைய துணி வியாபாரிகளின் சங்கம் 2024இல் ஓர் அறிக்கை வெளியிட்டு, கழிவு 5 சதவீத அளவைத் தாண்டாது என்று மறுத்தது. கணக்கு எப்படி இருந்தாலும், ஒதுங்கிய துணி வடிகால்களில் சேர்ந்து கோர்லே காயல் வழியாகக் கடலுக்குப் போய், அலைகளில் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு கயிறு கயிறாகக் கடற்கரை மணலில் புதைந்து கிடப்பதை அக்ராவின் மீனவர்கள் நன்றாகவே அறிவார்கள். நகரின் கழிவை ஏற்றுக்கொண்டிருந்த க்போனே குப்பைக்கிடங்கு 2019இல் தீப்பற்றி எரிந்த பிறகு, இந்தத் துணிகளுக்கு ஒழுங்கான இடம் என்று ஒன்று இருப்பதாகச் சொல்வதும் கடினமாகிவிட்டது.

இங்கேதான் முதல் கேள்வி கூர்மை பெறுகிறது. கன்டமான்டோவிலிருந்து எடுத்தது என்பதால் மட்டும் ஒரு சட்டை கழிவைக் குறைத்துவிடுவதில்லை. நல்ல நிலையில் உள்ள ஜீன்ஸை விலை கொடுத்து வாங்கி, வெட்டி, ஒட்டுப்போட்ட மேலங்கியாக மாற்றி விற்கும் வடிவமைப்பாளர், அக்ராவில் ஒருவர் அப்படியே உடுத்தியிருக்கக்கூடிய துணியையே எடுத்துக்கொள்கிறார். வெட்டும்போது விழும் துண்டுகள் புதிய கழிவாகவும் சேர்கின்றன. கடைசி ஒதுக்கலிலிருந்து கறை படிந்த படுக்கை விரிப்பையும் ஜிப் போன மேலங்கியையும் எடுத்து, பயன்படும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் தைப்பவரின் வேலை வேறு வகையைச் சேர்ந்தது. யாய்ரா அக்போஃபா தொடங்கிய தி ரிவைவல் போன்ற முயற்சிகளுக்கு மதிப்பு இந்த வேறுபாட்டிலிருந்தே வருகிறது. ஆகையால் கடைக்காரர் தையற்கூடத்தைப் பார்க்கச் செல்லும்போது முடிந்த உடுப்பைவிட, மூலையில் கிடக்கும் இன்னும் வெட்டப்படாத குவியலைத்தான் கவனிக்க வேண்டும். அந்தக் குவியலில் அப்படியே உடுத்தக்கூடியவை அதிகம் இருந்தால், அங்கே நடப்பது நல்ல தையல் வேலைதான். கழிவுக் குறைப்பு என்று அதை அழைக்க முடியாது.

கழிவைப் பிரிப்பதும் துவைப்பதும் தையல் பிரிப்பதும் நேரம் விழுங்கும் வேலைகள். ஒரு புதிய சட்டையை வெட்டித் தைப்பதைவிடப் பழைய இரண்டு சட்டைகளைப் பிரித்து ஒன்றாக்குவதற்கு அதிக நேரமாகும், ஆனால் வாங்குபவரோ ‘பழைய துணிதானே’ என்று குறைந்த விலையை எதிர்பார்க்கிறார். அந்த இடைவெளியை இன்று பெரும்பாலும் நன்கொடை நிரப்புகிறது. 2022இல் ஷீன் நிறுவனம் மூன்று ஆண்டுகளுக்கு 1.5 கோடி டாலர் தருவதாக தி ஆர் ஃபவுண்டேஷனுக்கு அறிவித்ததும், மிக மலிவான துணியை மிக அதிக அளவில் உற்பத்தி செய்யும் நிறுவனத்தின் பணத்தை அந்தத் துணியின் கழிவோடு போராடும் அமைப்பு வாங்கலாமா என்ற விவாதம் எழுந்ததும் பலர் அறிந்தவை. தயாரித்தவர் கழிவுக்கும் பணம் கட்டட்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடுதான். இருந்தாலும் நன்கொடை நின்றால் விலை என்னவாகும் என்பதைக் கடைக்காரர் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே மாதிரியைத் திரும்பச் செய்து தரும் விஷயத்தில் இந்தத் தெரிவு மிகப் பலவீனமானது. ஒவ்வொரு உருப்படியும் தனி. அளவு தனி, நிறம் தனி, துணியின் தடிப்பும் தனி. வாடிக்கையாளர் இதே மாதிரியில் பெரிய அளவு வேண்டும் என்று கேட்டால் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படமெடுத்து, அளந்து, விலை எழுத வேண்டும். இவை போதாதென்று, மொத்த வழங்கலும் ஒரே இடத்தைச் சார்ந்திருக்கிறது. 2025 ஜனவரி 1 இரவு கன்டமான்டோவில் பிடித்த தீ சந்தையின் பெரும்பகுதியை அழித்தபோது, சரக்கோடு சேர்த்துத் தையல் இயந்திரங்களையும் இழந்தவர்கள் ஏராளம். சந்தை வியக்கத்தக்க வேகத்தில் மீண்டு எழுந்தது என்பதும் உண்மை. ஆனாலும் கடையின் மொத்த ஆடைச் சரக்கையும் அந்த ஒரு கூரையின் கீழிருந்து எதிர்பார்ப்பது விவேகமாகாது.

பாத்திக் இதற்கு நேர் எதிரான குணங்களைக் கொண்டது. அப்ரிமா எர்வியாவும் ரொசாரியோ டாசனும் 2013இல் தொடங்கிய ஸ்டூடியோ 189, கையால் அச்சிட்ட பாத்திக்கையும் அவுரி போன்ற தாவரச் சாயங்களையும் கைத்தறித் துணியையும் வைத்து உலகச் சந்தைக்கு ஆடை செய்து, 2018இல் அமெரிக்க வடிவமைப்பாளர் சங்கமான சிஎஃப்டிஏயும் லெக்சஸ் நிறுவனமும் இணைந்து நீடித்த ஆடைத் துறைக்கென வழங்கிய பரிசைப் பெற்றது. 2009இல் தொடங்கிய ஒசெய்-டூரோ என்ற ஆடை நிறுவனமும் கானாவிலேயே கையால் சாயமிட்ட துணியை வைத்து வளர்ந்தது. கேப் கோஸ்டில் 2003இல் ஆறு பெண்களுடன் ஆரம்பித்த குளோபல் மாமாஸ், பாத்திக் ஆடைகளோடு குரோபோ பகுதியின் கண்ணாடி மணிகளையும் விற்கிறது. இவர்களிடமிருந்தோ இவர்களைப் பின்பற்றி வளர்ந்த சிறு கூடங்களிலிருந்தோ வாங்கினால், அளவும் மாதிரியும் ஏறக்குறைய சீராகக் கிடைக்கும், மறு ஆர்டர் கொடுக்கலாம், வேலை செய்பவரின் கூலியைப் பற்றி நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் முடியும்.

ஆனால் முதல் கேள்வியை இங்கே கேட்டால் விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. துணி புதிய பருத்தி, பெரும்பாலும் இறக்குமதி. எந்தக் கழிவும் இதில் தடுக்கப்படுவதில்லை. ஸ்பாஞ்சில் வெட்டிய அச்சை உருகிய மெழுகில் தோய்த்துத் துணியில் பதித்து, சாயத்தொட்டியில் முக்கி, பிறகு கொதிநீரில் மெழுகை நீக்குவதுதான் கானாவில் பரவலாக உள்ள முறை. சாயம் நாரில் பிடிக்க வழக்கமாகக் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோசல்பைட்டும் சேர்க்கப்படுகின்றன. கையுறை இல்லாமல் தொட்டியில் கைவிடும் பெண்ணின் தோலுக்கும், தொட்டியைக் கவிழ்க்கும் சாக்கடைக்கும் அது ஒரே மாதிரிக் கேடு. தாவரச் சாயம் என்றால் எல்லாம் சரி என்று நினைப்பதும் தவறு, ஏனென்றால் மரப்பட்டையையும் வேரையும் கொதிக்கவைக்க விறகு வேண்டும், நிறம் நிற்கப் படிகாரம் போன்ற உப்புகளும் வேண்டும். ஆகவே பாத்திக் கூடத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்பதுதான். நீரை நடுநிலையாக்கி, வடிகட்டி, மறுபடி பயன்படுத்தும் ஏற்பாட்டை நேரில் காட்ட முடிந்தவரிடம் வாங்கலாம். கேள்விக்குப் பதிலாகத் துணியின் அழகை எடுத்துக்காட்டுபவரிடம் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

கைத்தறிப் பட்டை ஆடைகளைப் பற்றி வெளிநாட்டு இதழ்கள் எழுதுவது பெரும்பாலும் கென்டேயோடு நின்றுவிடுகிறது. அசாந்தி வட்டாரத்தின் போன்விரேயிலும் வோல்டா வட்டாரத்தின் அகோடிமே-க்பெடோவிலும் நெய்யப்படும் கென்டே, 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதன் சிறப்பில் ஐயமில்லை. ஆனால் ஒரு கடையின் அன்றாடச் சரக்காக அது பொருந்தாது. அது விழாவுக்கும் சடங்குக்கும் உரிய துணி, விலை அதிகம், இன்று நெய்யப்படுவதில் கணிசமான பகுதி ரேயான் இழை. போதாக்குறைக்கு, கென்டேயின் கோலத்தை ஆலையில் அச்சிட்ட மலிவுத் துணியும் அதே பெயரில் சந்தையில் கிடைக்கிறது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது வடபகுதியின் ஃபுகு. தெற்கில் பலர் இதைப் படகாரி என்பார்கள். ஏறத்தாழ 10 செ.மீ. அகலமுள்ள பருத்திப் பட்டைகளை நெய்து, அவற்றைப் பக்கம் பக்கமாக இணைத்துத் தைக்கும் தொளதொளத்த மேலங்கி இது. 1957 மார்ச் 6 அன்று கானாவின் விடுதலையை அறிவித்தபோது பிரதமர் க்வாமே இங்க்ரூமா உடுத்தியிருந்ததும் இதுவே. பட்டையின் அகலமே உடுப்பின் வடிவத்தைத் தீர்மானிப்பதால் வெட்டி எறியும் துணி மிகக் குறைவு. ஓரிடத்தில் கிழிந்தால் அந்த ஒரு பட்டையைப் பிரித்து மாற்றலாம். உடுத்தியவரின் உடம்பு பெருத்தாலும் இளைத்தாலும் உடுப்பு வீணாவதில்லை. தந்தையின் ஃபுகுவை மகன் உடுத்துவது அங்கே வியப்புக்குரிய செய்தி அல்ல. வெள்ளை வோல்டா ஆற்றங்கரை ஊரான டபோயாவில் இன்றும் தரையில் தோண்டிய குழிகளில் அவுரிச் சாயம் ஊறவைத்து நூலை நீலமாக்குகிறார்கள். துணியாக நெய்த பிறகு சாயமிடாமல் நூலிலேயே சாயமிடுவதால், நெசவாளர் தமக்குத் தேவையான அளவுக்கு மட்டும் சாயத்தைச் செலவிடுகிறார்.

இதற்கும் குறைகள் உண்டு. இன்று பெரும்பாலான ஃபுகு ஆலை நூலில் நெய்யப்படுகிறது, அந்த நூலின் பிறப்பிடத்தை நெசவாளரால்கூட எப்போதும் சொல்ல முடிவதில்லை. வழக்கமான ஃபுகு தடிப்பானது, அக்ராவின் புழுக்கத்தில் அலுவலகத்துக்கு உடுத்திச் செல்லப் பலர் தயங்குவார்கள். இதற்குத்தான் வடிவமைப்பாளர் தேவைப்படுகிறார். மெல்லிய நூலில் நெய்யச் சொல்லி, கையில்லாத மேற்சட்டையாகவும் குறுகிய அங்கியாகவும் பாவாடையாகவும் தைத்தால் அதே பட்டை நகரத்துக்கு ஏற்றதாகிவிடும். டமாலே, போல்கடங்கா பகுதிகளில் தறியில் அமரும் பெண்களுக்கு அந்த ஆர்டர் நேராகப் போய்ச் சேரும். பழைய துணி எதுவும் இதில் மீட்கப்படுவதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் முதல் கேள்வியை உடுப்பின் மறுமுனையிலிருந்தும் கேட்கலாம். விற்ற பிறகு இது எத்தனை ஆண்டு கழித்துக் குப்பைக்குப் போகும் என்று கேட்டால், மேலே சொன்ன எதையும்விட ஃபுகு நீண்ட காலம் தாங்கும்.

மெழுகு அச்சுத் துணியில், அதாவது பாத்திக்கைப் போலத் தோன்றும்படி ஆலையில் அச்சிட்ட துணியில், தைக்கும் ஆடம்பர ஆடைகளைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆய்ஷா அயென்சு 2008இல் தொடங்கிய கிறிஸ்டி பிரவுன் போன்ற பெயர்கள் வடிவமைப்பின் தரத்தில் எவருக்கும் சளைத்தவை அல்ல. இருப்பினும் இக்கடைக்கான அளவுகோலில் மெழுகு அச்சுத் துணிக்குத் தனி ஆதாயம் எதுவும் தெரியவில்லை. இதில் கற்றுக்கொள்ள வேண்டியது அக்ராவின் பழைய வழக்கத்தைத்தான். கெஜக்கணக்கில் துணி வாங்கி, தெருமுனைத் தையற்காரரிடம் அளவு கொடுத்துத் தைத்துக்கொள்ளும் அந்த வழக்கத்தில் விற்காமல் தேங்கும் சரக்கு என்ற ஒன்றே கிடையாது. கடையில் மாதிரி ஒன்றை மட்டும் தொங்கவிட்டு, அளவெடுத்துத் தைத்துக் கொடுக்கும் முறையைப் பாத்திக்குக்கும் ஃபுகுவுக்கும் கடைக்காரர் பின்பற்றலாம்.

நகைகளுக்கு வந்தால் தேர்வு எளிதாகிறது, காரணம் குரோபோ மணி. கிழக்கு வட்டாரத்தின் ஒடுமாசே-குரோபோவைச் சுற்றியுள்ள ஊர்களில் பழைய புட்டிகளையும் சன்னல் கண்ணாடித் துண்டுகளையும் கழுவி, இரும்பு உரலில் இடித்து, சல்லடையில் சலித்து மாவாக்குகிறார்கள். வெண்களிமண் பூசிய மண் அச்சுக் குழிகளில் அந்தக் கண்ணாடி மாவை நிறம் நிறமாக அடுக்கி நிரப்பி, ஒவ்வொரு குழியின் நடுவிலும் மரவள்ளி இலைக்காம்பு ஒன்றைச் செருகுகிறார்கள். புற்றுமண்ணால் கட்டிய சூளையில் மாவு இளகி ஒட்டும்போது காம்பு எரிந்துபோய், நூல் கோர்க்கும் துளை மிஞ்சுகிறது. ஆறிய மணியைக் கல்லில் மணலும் நீரும் சேர்த்து உருட்டித் தேய்த்தால் பளபளப்பு வந்துவிடும். ஒளி ஊடுருவும் மணிக்குக் கண்ணாடியை மாவாக்காமல் சில்லுகளாகவே நிரப்பிச் சுட்டு, சூடு ஆறுவதற்குள் கூர்முனைக் கம்பியால் துளையிடுகிறார்கள்.

முதல் கேள்விக்கு இங்கே விடை தெளிவானது. கண்ணாடியை யாரும் போட்டி போட்டுக்கொண்டு வாங்குவதில்லை. முன்பணம் வைத்துத் திருப்பிக் கொடுக்கும் பீர் புட்டிகளைத் தவிர, மற்றவற்றுக்குப் பெரும்பாலும் குப்பைதான் கதி. மணி செய்பவர் எடுக்கும் ஒவ்வொரு புட்டியும் ஏதோ ஒரு வடிகாலிலிருந்து மீண்டதாகக் கொள்ளலாம். கைவினையும் செத்துப்போன ஒன்றல்ல. குரோபோப் பெண்கள் பருவமெய்தும்போது நடக்கும் டிபோ சடங்கில் இடுப்பிலும் கழுத்திலும் மணி அணிவது இன்றும் நடப்பது, கோஃபோரிடுவாவின் வியாழக்கிழமை மணிச் சந்தையில் உள்ளூர்க்காரர்கள் தங்களுக்காகவே வாங்குகிறார்கள். சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பியிராத கைவினை என்பதால், கடைக்காரர் ஒரு பருவம் ஆர்டர் கொடுக்காவிட்டாலும் அந்தச் சூளை அணைந்துவிடாது. இதை ஒரு பெரிய பலமாகவே நான் கருதுகிறேன்.

கவனிக்க வேண்டியவை மூன்று. இடிக்கும்போதும் சலிக்கும்போதும் பறக்கும் கண்ணாடித் தூசு நுரையீரலுக்குக் கேடு, ஆகையால் முகக்கவசமும் காற்றோட்டமும் உள்ள கூடத்துக்கு ஒரு செடி (கானாவின் நாணயம்) கூடுதலாகக் கொடுப்பதில் தவறில்லை. நிறத்துக்காகச் சேர்க்கும் இறக்குமதிப் பொடியில் என்ன இருக்கிறது என்று செய்பவருக்கே தெரியாத நிலை உண்டு, எனவே புட்டியின் இயல்பான பச்சை, பழுப்பு, நீலம், வெள்ளை ஆகிய நிறங்களையே முதன்மையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, அழகும் அதில்தான் கூடுதல். மூன்றாவதாக, சந்தையில் குரோபோ மணியைப் போலவே தோன்றும் இறக்குமதி மணிகளும் கலந்திருக்கின்றன. கையால் செய்த மணிகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறுபடும், துளையின் உட்புறம் சொரசொரப்பாக இருக்கும். ஒரு சரத்தின் எல்லா மணியும் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

பித்தளை நகைகளின் கதை அழகானது. குமாசிக்கு அருகிலுள்ள க்ரோஃபோஃப்ரோமில், தேன்மெழுகில் உரு செய்து, அதன்மேல் கரித்தூளும் களிமண்ணும் பூசி, சூட்டில் மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உருகிய பித்தளையை ஊற்றுகிறார்கள். சுவாமிமலைச் சிற்பிகள் சிலை வார்க்கும் முறையின் அடிப்படையும் இதுவே. அசாந்தி மக்கள் முன்பு தங்கத்தூளை நிறுக்கப் பயன்படுத்திய எடைக்கற்களும் இப்படித்தான் வார்க்கப்பட்டன. அந்த வடிவங்களை இன்றைய பதக்கங்களில் எளிதாக அடையாளம் காணலாம். பழைய குழாய்களும் பூட்டுகளும் மூலப்பொருளாவதால் இதற்கும் மறுசுழற்சி என்ற பெயர் உண்டு. ஆனால் பழைய பித்தளைக்கு எப்போதும் வாங்குபவர் உண்டு. வார்ப்புக்காரர் எடுக்காவிட்டால் பழைய இரும்புக்காரர் வாங்கி ஏற்றுமதி செய்திருப்பார். கழிவு குறையவில்லை, உலோகம் ஊரிலேயே நின்று ஒரு கைவினைஞருக்குக் கூலியாக மாறியது, அவ்வளவுதான். அந்தக் கூலிக்காக வாங்குவது முற்றிலும் நியாயமானது. சூழலுக்காக என்று அட்டையில் அச்சிடுவது நியாயமாகாது. உருக்கும்போது எழும் துத்தநாகப் புகையையும் செலவாகும் கரியையும் கணக்கில் எடுத்தால், பித்தளையை மணிகளுக்கு இடையில் சிறு இணைப்பாக அளவோடு பயன்படுத்தும் வடிவமைப்பே எனக்குச் சரியாகப் படுகிறது. செம்பு நகை என்றால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அக்ராவின் அக்போக்புளோஷி பழைய பொருள் கிடங்கு 2021 ஜூலையில் அகற்றப்படும்வரை, மின்கம்பிகளைத் திறந்தவெளியில் எரித்துத்தான் அங்கே செம்பு பிரித்தார்கள், அந்த வேலை இன்று வேறு மூலைகளுக்குச் சிதறியிருக்கிறது.

கடைசியாகத் தங்கம். ஆப்பிரிக்காவில் மிக அதிகமாகத் தங்கம் எடுக்கும் நாடு என்ற இடத்தைத் தென் ஆப்பிரிக்காவிடமிருந்து கானா பெற்றுக்கொண்டது. அந்தப் பெருமையோடு சேர்ந்து வந்தது கலாம்சே எனப்படும் சட்டவிரோதச் சிறு சுரங்கம். ப்ரா, ஒஃபின், அன்கோப்ரா ஆறுகள் சேறும் பாதரசமும் கலந்து ஓடுகின்றன, கொக்கோத் தோட்டங்கள் பள்ளங்களாகிவிட்டன. 2024 ஆகஸ்டில், ப்ரா ஆற்றின் செக்யெரே ஹேமாங் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில், 2,000 என்டியு (நீரின் கலங்கலை அளக்கும் அலகு) கலங்கலைத் தாங்கும்படி அமைந்த இயந்திரங்களுக்கு 14,000 என்டியு அளவிலான நீர் வந்து சேர்வதாகக் குடிநீர் நிறுவனம் அறிவித்தது. அந்த நிலையத்தை நம்பியிருக்கும் ஊர்களில் கேப் கோஸ்டும் ஒன்று என்பதால், மோதிரத்துக்காகத் தோண்டிய குழியின் சேறு பாத்திக் கூடத்தின் குழாய்வரை வந்து சேர்கிறது என்று சொன்னால் மிகையில்லை. சிறு சுரங்கத் தங்கத்தின் கொள்முதலை ஒரே கையில் கொண்டுவர 2025இல் கானா தங்க வாரியம் அமைக்கப்பட்டது. ஆனால் ஒருமுறை உருக்கிக் கலந்த தங்கத்தின் ஊரை நகைக் கடைக்காரரால் கண்டுபிடிக்க முடியாது. மறுசுழற்சித் தங்கம் என்ற சொல்லும் இங்கே பொருளற்றது, பழைய தங்கத்தை எவரும் எந்தக் காலத்திலும் குப்பையில் எறிந்ததில்லை. வாடிக்கையாளர் தம் வீட்டுப் பழைய நகையைக் கொண்டுவந்து அதையே உருமாற்றித் தரச் சொன்னால், குமாசியின் பொற்கொல்லர் ஒருவரிடம் அனுப்பி வைக்கலாம். கடை தன் பணத்தில் தங்கம் வாங்கி வைக்க வேண்டியதில்லை.

ஆக, என் தேர்வு இதுதான். நகைக்கு ஒதுக்கிய பணத்தில் நான்கில் மூன்று பங்கை குரோபோ மணிக்கும், மீதியைப் பித்தளை இணைப்புகளுக்கும் கொடுக்கலாம். கழிவைக் குறைப்பதிலும் மறு ஆர்டருக்கு நிற்பதிலும் ஒருங்கே தேறுவது மணி ஒன்றுதான் என்பதால் இதில் தயக்கமே தேவையில்லை. ஆடையில் அவ்வளவு எளிதான விடை இல்லை. முதல் கேள்விக்கு மிகச் சிறந்த விடை தருவது ஒதுக்கல் துணியின் மறுதையல், கடையைத் தாங்கி நிறுத்தக்கூடியதோ ஃபுகு. எனவே ஆடைக்கான பணத்தில் பாதியை நகரத்துக்கேற்ற மெல்லிய ஃபுகுவில் போட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை நீரை ஒழுங்காகக் கையாளும் ஒரே ஒரு பாத்திக் கூடத்துக்குக் கொடுத்து, மிஞ்சுவதைக் கன்டமான்டோவின் மறுதையல் உருப்படிகளுக்கு ஒதுக்குவேன். எண்ணிக்கையில் சிலவே ஆனாலும் அவை கடையின் முன்வரிசையில் தொங்க வேண்டும், விலையைக் குறைக்கவும் கூடாது. கன்டமான்டோவிலிருந்து ஒரே மாதிரிப் பைகளையோ தொப்பிகளையோ தொடர்ந்து செய்து தரக்கூடிய தையற்கூடம் அமைந்தால், அடுத்த பருவத்தில் இந்தப் பங்கைக் கூட்டிப் பாத்திக்கைக் குறைப்பேன்.

கால அட்டவணையையும் இதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். 2019இல் அரசு நடத்திய ‘இயர் ஆஃப் ரிட்டர்ன்’ கொண்டாட்டத்துக்குப் பிறகு, வெளிநாடு வாழ் கானாக்காரர்களும் பிற நாட்டுக் கறுப்பின மக்களும் டிசம்பரில் அக்ராவுக்குத் திரளாக வருவது வழக்கமாகிவிட்டது, சிறு கடைகளின் ஆண்டு வருமானம் அந்தச் சில வாரங்களையே பெரிதும் நம்பியிருக்கிறது. வடக்கில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம், நெசவுக் குடும்பங்களில் பலருக்கு அப்போது வயல் வேலையும் உண்டு. எனவே ஃபுகுவுக்கான நூல் நிறத்தை மார்ச்சுக்குள் முடிவு செய்து, கூலியில் பாதியை முன்பணமாகக் கொடுத்துவிட வேண்டும். அக்ராவில் மே, ஜூன் மாதங்களில் மழை வலுப்பதால் பாத்திக் காயத் தாமதமாகும், அந்த ஆர்டரை ஆகஸ்டுக்குத் தள்ளிவைக்கலாம். மணிக்கு இந்தக் கவலை குறைவு. ஆனால் புட்டி மாறினால் நிறமும் மாறும் என்பதால், ஒப்புக்கொண்ட சரம் ஒன்றை இரண்டாக வெட்டி, பாதியைச் செய்பவரிடமும் பாதியைக் கடையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.